பொங்கலுக்குப் பறக்காத ஹரிக்கேன்: ஒரு பெரிய மாடல் போர் விமானத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில், ஆடியில் தொடங்கி அடுத்த வைகாசி வரை நடந்த வேலையின் பதிவு இது. ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் ஹாக்கர் ஹரிக்கேன் மாடல், அசலில் ஐந்தில் ஒரு பங்கு. அசல் ஹரிக்கேனின் இறக்கை முனைக்கு முனை 40 அடி. மாடலுக்கு 8 அடி, அதாவது 2.44 மீட்டர். ஒற்றை இறக்கை விமானம் 80 அங்குலத்தைத் தாண்டினாலே ஜயன்ட் ஸ்கேல் என்பது இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுக்க வழக்கம். இதற்கு 96 அங்குலம்.

வேலையில் நான்கு பேர். விமானத்தின் உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சிறிய மாடல்களைப் பல வருடமாகப் பறக்கவிட்டு வருபவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். இரண்டாமவர் அந்த வீட்டுக் கதவு, நிலை வேலையெல்லாம் பரம்பரையாகப் பார்க்கும் ஆசாரி. மூன்றாமவர் கல்லூரியில் மின்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், அவரை சார் என்போம். நான்காவது நான். பெட்ரோல் எஞ்சின் வைத்த மாடல்கள் இரண்டு கட்டிப் பறக்கவிட்ட அனுபவம் எனக்கு இருந்ததால், பறக்கவிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கிட் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்திக் கட்டும் தொகுப்பு) புதியதல்ல. இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட்ட ஒருவரிடம் எட்டு வருடம் பெட்டியிலேயே கிடந்தது. ஃபைபர்கிளாஸ் உடல், தெர்மகோலுக்கு மேல் பால்சா என்ற மிக லேசான மரம் ஒட்டிய இறக்கை, மின்மோட்டாரில் மடங்கும் சக்கரக் கால்கள், 62 சி.சி. இரட்டை வீச்சு பெட்ரோல் எஞ்சின், விமானத்தின் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்களான செர்வோ எட்டு, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், அதன் பேட்டரி, சுவிட்ச், கம்பிகள் என்று மொத்தமாக வாங்கினார்.

ஏன் ஹரிக்கேன் என்று கேட்டால் அண்ணன் இரண்டு காரணம் சொல்வார். 1944இல் இம்பால் முற்றுகையின்போது, பின்னாளில் மார்ஷல் ஆன அர்ஜன் சிங்கின் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிக்கேனில்தான். இது முதல் காரணம். இரண்டாவது அவருடைய பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா. தொண்ணூறைத் தாண்டியவர். பர்மாவில் ஜப்பான் இறங்கிய சமயம் சிறுவனாக ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். போர்க்காலத்தில் செட்டிநாட்டில் போட்ட ஓடுதளத்தில் விமானங்கள் இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். என்ன ரகம் என்று அவருக்குத் தெரியாது, சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. சென்னையில் மகள் வீட்டில் இருக்கும் அவர் பொங்கலுக்கு ஊருக்கு வருவார். அன்றைக்குப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று அண்ணன் முதல் நாளே தேதி குறித்துவிட்டார். பின்னால் நடந்தவற்றுக்கு அந்தத் தேதி முக்கியம்.

நிறமும் பர்மா முனைக்கு உரியதுதான். ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று தென்கிழக்கு ஆசியப் படைப்பிரிவு விமானங்களில் வட்டச் சின்னத்தின் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று மாற்றியிருந்தார்கள். அதையே தீட்டினோம்.

பெட்டியைத் திறந்தபோது

எட்டு வருடக் கிடப்பு எல்லாவற்றிலும் தெரிந்தது. எரிபொருள் குழாய் இறுகிப் போய், வளைத்தால் வெடித்தது. கீல்களைப் பிடித்திருந்த பசை ஓரிரு இடத்தில் பொரிந்திருந்தது. இவற்றை மாற்றுவது எளிது, மாற்றிவிட்டோம்.

கவலை தந்தது எஞ்சின் பொருந்தும் முன் தடுப்புப் பலகை. இதை ஃபயர்வால் என்பார்கள். பிளைவுட் பலகையை ஃபைபர்கிளாஸ் உடலுக்குள் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். செல்போன் விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தபோது, இடது கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குப் பசை பலகையைத் தொடவே இல்லை. ஆசாரி அதில் ஒரு போஸ்ட்கார்டு ஓரத்தை நுழைத்துக் காட்டினார். 62 சி.சி. எஞ்சினின் அதிர்வு முழுவதையும் தாங்குவது அந்த ஒட்டுத்தான்.

உட்புறம் முக்கோணக் கட்டைகள் வைத்து, கண்ணாடி நார்த் துணியும் எபாக்சிப் பசையும் போட்டு இறுக்குவது என்று முடிவானது. கட்டைக்கு என்ன மரம் என்று பேச்சு வந்தபோது ஆசாரி தேக்கு என்றார். நான் தயங்கினேன். மாடல் விமானத்தில் தேக்கு வைப்பார் இல்லை. பால்சாவைப் போலப் பல மடங்கு கனம், அதோடு தேக்கில் உள்ள எண்ணெய் எபாக்சியைப் பிடிக்க விடாது. அவர் இரண்டுக்கும் பதில் வைத்திருந்தார்.

"மூக்குல எப்படியும் ஈயம் வைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க தம்பி? அந்தக் கனத்த மரமாவே வைப்போம். எண்ணெய்க்கு அசிட்டோன் போட்டுத் துடைச்சு, காயறதுக்குள்ள ஒட்டிரணும். நிலைக்கதவுல அப்படித்தான் செய்றோம்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பழைய கதவு ஒன்றின் உடைந்த சட்டத்திலிருந்து நான்கு கட்டை அறுத்தார். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைக்கத் துடைக்கத் துணி மஞ்சளாக வந்தது. மூன்று தடவை துடைத்து, நான்காவது தடவை துணி வெள்ளையாகவே வந்த பிறகுதான் பசையைத் தடவ விட்டார். ஒட்டிய பின் பலகை வழியாக மர ஆணிகளும் இறக்கினோம்.

பசை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 30 நிமிட எபாக்சி என்று புட்டியில் போட்டிருப்பது குளிர்ந்த அறைக் கணக்கு. ஆவணி மத்தியான வெயிலில் எங்களுக்கு அது பன்னிரண்டு நிமிடத்தில் கிண்ணத்திலேயே சூடேறி இறுகியது. அதன் பிறகு ஒட்டு வேலை எல்லாம் காலை ஏழு மணிக்குள், வளவில் வெயில் விழுமுன்னே முடித்தோம்.

வாலை நேர் பார்க்கத் தரையில் ஆத்தங்குடிக் கல்லின் கோடுகளை நம்பலாம் என்று அண்ணன் நினைத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தரையே வாட்டமாக இருந்தது. கடைசியில் நூலும் தூக்குக்குண்டும்தான் கைகொடுத்தன. வால் கட்டையிலிருந்து இரண்டு இறக்கை முனைக்கும் நூல் பிடித்ததில் 9 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது, அதை ஒன்றுக்குள் கொண்டுவந்தோம்.

மூக்கும் வாலும்

ஹரிக்கேனின் மூக்கு குட்டை. அசல் விமானத்தில் முன்னால் 12 சிலிண்டர் மெர்லின் எஞ்சின் இருந்தது, கனம் தானாக வந்தது. மாடலில் அந்த இடத்தில் ஒரே சிலிண்டர். எல்லாவற்றையும் பொருத்தி எடை மையம் பார்த்தபோது அது இருக்க வேண்டிய இடத்துக்கு 31 மில்லிமீட்டர் பின்னால் நின்றது. வால் கனத்த விமானம் கைக்கு அடங்காது. கிளம்பிய சில நொடியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுழன்று விழும்.

ஈயத்தால் மட்டும் சரிசெய்தால் மூக்கில் 890 கிராம் வேண்டும் என்று கணக்கு சொன்னது. அவ்வளவையும் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கூடுகிற ஒவ்வொரு கிராமும் இறங்கும் வேகத்தைக் கூட்டும். இந்த விமானத்தில் வாலில் ஒரு கிராம் குறைத்தால் மூக்கில் மூன்று கிராம் மிச்சம், ஏனென்றால் வால் மையத்திலிருந்து மூன்று பங்கு தள்ளி இருக்கிறது. ஆகவே முதலில் வால். பழைய ஆள் பூசியிருந்த பட்டியையும் பெயின்ட்டையும் ஆசாரி இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்து எடுத்தார். 45 கிராம் போனது. அப்புறம் பேட்டரிகளை இறக்கைக்கு மேலிருந்து எடுத்து ஃபயர்வாலுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனோம். கடைசியில் தேவைப்பட்ட ஈயம் 340 கிராம். தொண்டியில் மீன்வலைக்குக் கட்டும் குண்டுகளை வாங்கி வந்து, எபாக்சியில் பதித்து, மேலே போல்ட்டும் போட்டோம். பறக்கும்போது ஈயம் கழன்றால் முன்பு சொன்ன வால் கனம் நடுவானில் வந்துவிடும்.

எரிபொருள் இல்லாமல் மொத்த எடை 13.6 கிலோ. இறக்கைப் பரப்பையும் வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குக் கீழே போனால் தூக்கு விசை போதாது. என் பழைய மாடல்களைவிட இது வேகமாகத்தான் இறங்க வேண்டும்.

எஞ்சின்

தகரக் கூண்டுக்குள் அடைபட்ட ஒற்றை சிலிண்டர், நம் ஊர் வெயில். முதல் ஓட்டத்தில் சிலிண்டர் தலை 190 டிகிரி காட்டியது. காற்று உள்ளே வந்தாலும் சிலிண்டரைத் தொடாமல் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் டின் தகரத்தை வெட்டித் தடுப்பு வைத்து, வெளியேறும் வாயை உள்வாயைப் போல இரண்டரை மடங்கு ஆக்கிய பின் 158க்கு இறங்கியது. வேறு தொல்லை எஞ்சின் தரவில்லை.

மார்கழியில் தெரிந்த கோளாறு

மார்கழிக் கடைசி. வண்ணம் முடிந்து, விமானி பொம்மைகூட உட்கார்ந்தாயிற்று. பொங்கலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. காலையில் இரண்டாங்கட்டில் விமானத்தை முக்காலிகள் மேல் தூக்கி வைத்து, கால்களை மடக்கி விரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

மூடியைப் பொருத்தக் குனிந்தபோதுதான் பார்த்தேன், ரிசீவரின் சிறிய விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அது நிலையாக எரிய வேண்டிய விளக்கு. சிமிட்டினால், நடுவில் ஒரு கணம் மின்சாரம் அறுந்து மறுபடி வந்திருக்கிறது என்று பொருள். தரையில் அது ஒரு கணம். வானத்தில் அந்தக் கணத்தில் விமானம் யார் சொல்லையும் கேட்காது.

சுவிட்ச் லூசாக இருக்கும் என்றார் அண்ணன். அணைத்துப் போட்டுத் திரும்பச் செய்தோம். ரிமோட்டின் குச்சிகளை மெதுவாக ஆட்டினால் ஒன்றுமில்லை. கால்களை மட்டும் மடக்கினாலும் ஒன்றுமில்லை. கால்கள் மடங்கும்போதே இரண்டு குச்சிகளையும் வேகமாகச் சுழற்றினால் ரிசீவருக்குக் கிடைப்பது 4.1 வோல்ட்டுக்கு விழுந்தது என்று டெலிமெட்ரி (விமானத்திலிருந்து ரிமோட்டுக்கு வரும் அளவீடு) காட்டியது. கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். இடது காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல் சிக்கியது போலப் பாவித்து, மடக்கச் சொன்னேன். எட்டு செர்வோவும் ஒரே நேரத்தில் செத்தன. இரண்டு நொடி கழித்து உயிர் வந்தது. விளக்கு சிமிட்டியது.

சார் மாலையில் வந்தார். பழைய 6 வோல்ட் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைச் சுமையாக மாட்டி ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் வைத்தார். சுமையில்லாமல் பேட்டரி 6.6. பல்பு எரியும்போது பேட்டரியின் முனையிலேயே 5.2. சுவிட்சும் மெல்லிய நீட்டிப்புக் கம்பியும் தாண்டி ரிசீவரின் வாயில் 4.3. சுமையில்லாமல் அளந்தால் ஆரோக்கியமாகத் தெரிந்த பேட்டரி, எட்டு வருடத்தில் உள்தடை ஏறிக் கிடந்தது. சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தொடுமுனைகள் கறுத்திருந்தன.

நாங்கள் அதுவரை செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் இந்த அமைப்பு தேறியிருந்தது. தூரச் சோதனை தேறியது. ஒவ்வொரு செர்வோவும் தனித்தனியே தேறியது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்று சிக்கிக்கொண்டால் என்னாகும் என்பதை மட்டும் நாங்கள் பார்த்திருக்கவில்லை.

பொங்கலுக்குப் பறக்க வேண்டாம் என்ற முடிவு

முன்னால் மூன்று வழி இருந்தன. புது பேட்டரி, புது சுவிட்ச் மட்டும் போட்டுப் பொங்கலுக்குப் பறப்பது. கால்களை மடக்காமல் விரித்தபடியே வைத்துப் பறப்பது. அல்லது தள்ளிப்போடுவது.

இரண்டாவது வழி அண்ணனுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கால்களை இயக்காவிட்டாலும் அதே நைந்த கம்பியில்தான் எட்டு செர்வோவும் தொங்கும். 13 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கூரான மரக் காத்தாடி (ப்ரொப்பெல்லர்) சுழலும் ஒரு பொருளை, உறவினரும் பிள்ளைகளும் கூடி நிற்கும் பொட்டலில், அந்தக் கம்பியை நம்பி மேலே அனுப்ப முடியாது என்று சொன்னேன். பறக்கவிடுவது நான் என்பதால் அந்தச் சொல்லை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் அன்று இரவு அதிகம் பேசவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் வீட்டு ஆச்சிதான் ஃபோன் செய்தார்கள். "பெரியப்பச்சிக்கு நாங்க சொல்லிக்கிறோம் தம்பி. நீங்க அவசரப்பட வேணாம்."

மாட்டுப்பொங்கலன்று பெரியப்பச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, முகப்புக்கு வெளியே விமானத்தின் வாலைக் கயிற்றால் தூணில் கட்டி, எஞ்சினை மட்டும் ஓட்டிக் காட்டினோம். ஆட்களை எல்லாம் காத்தாடிக்குப் பின்பக்கம் நிறுத்தினோம். அவர் ஒரு காதில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "இது சின்ன சத்தம்" என்றார். அப்புறம் எழுந்துவந்து இறக்கையின் நீல வட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுபடி கம்பி இழுத்தது

மொத்த மின் அமைப்பையும் பிடுங்கினோம். ரிசீவருக்கு இரண்டு தனித்தனி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள், தலா 6.6 வோல்ட், தனித்தனி சுவிட்ச், தடித்த கம்பி. ஒன்று செத்தாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனுக்கு இன்னொன்று. சக்கரக் கால்களுக்கு முற்றிலும் தனியாக நான்காவது பேட்டரி.

இதில் ஒரு சின்ன வேலை முக்கியம். கால்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ரிசீவரிலிருந்து மூன்று கம்பி போகும். நடுவில் உள்ள சிவப்புக் கம்பிதான் மின்சாரம் கொண்டுபோவது. அதைப் பிளக்கிலிருந்து உருவி, மடக்கி, டேப் சுற்றிவிட்டோம். சிக்னலும் நெகட்டிவும் மட்டும் போகும். கால் மோட்டார் என்னதான் திணறினாலும் ரிசீவரின் மின்சாரத்தை அதனால் தொட முடியாது.

திரும்பவும் இடது காலைக் கையால் அழுத்திப் பிடித்தோம், குச்சிகளைச் சுழற்றினோம். ரிசீவரில் 6.0 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. ஒரு வாரத்தில் நான்கு நாள் இதையே செய்தோம்.

முதல் மூன்று பறப்புகள்

மாசிக் கடைசியில், அண்ணனின் பங்காளி ஒருவருக்குச் சொந்தமான செம்மண் பொட்டலில், அவர் சம்மதத்தோடு பறக்கவிட்டோம். செட்டிநாட்டுப் பழைய ஓடுதளம் பக்கத்தில்தான் என்றாலும் அது அரசு நிலம், அந்த எண்ணத்தையே எடுக்கவில்லை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்ட, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் மட்டும் பறக்கும் மாடல்கள் தனி வகை. இடம் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம். பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. திருச்சி, மதுரை விமான நிலையங்கள் இரண்டும் 70 கிலோமீட்டருக்கு அப்பால்.

இரண்டு காலை நேரம் கல் பொறுக்கி 140 மீட்டர் நீளத்துக்குத் தடம் செய்தோம். சீமைக்கருவேலம் வெட்டிய அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்ததுதான் பெரிய வேலை.

காலை ஏழு மணி, மெல்லிய கீழ்காற்று. வாலில் திசை திருப்பும் ரடரை வலப்பக்கம் கொடுத்துக்கொண்டே, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். வால் தூக்கியது, 45 மீட்டர் போல ஓடிக் கிளம்பியது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரானில் வலப்பக்கம் இரண்டு சொடுக்கு ட்ரிம் (நேராகப் பறக்க வைக்கும் சிறு திருத்தம்), வேறொன்றும் தேவைப்படவில்லை. ஆறு நிமிடம் பறந்து இறங்கியது. மறுவாரம் இரண்டு பறப்பு. கால்கள் மடங்கியபின் அடியிலிருந்து பார்த்தால் அந்த ஹரிக்கேன் வடிவம் அப்படியே இருந்தது. அண்ணன் பேசவில்லை, என் தோளில் கை வைத்தபடியே நின்றார்.

நான்காவது பறப்பு

பங்குனி நடுவில். கிளம்பியது, கால்கள் மடங்கின, நான்கு நிமிடம் எல்லாம் ஒழுங்கு. இறங்க ஆயத்தமாகிக் கால்களை விரிக்கச் சொன்னேன். "இடது கால் பாதில நிக்குது" என்றார் அண்ணன். நான் கண்ணாடி போட்டவன், அவர் பார்வை கூர்மை. தாழப் பறக்கவிட்டுப் பார்த்தோம், உண்மைதான். வலது கால் முழுக்க நீண்டிருந்தது, இடது பாதி வழியில்.

முதலில் சார் டெலிமெட்ரியைப் படித்துச் சொன்னார். 6.2 வோல்ட், அசைவில்லை. மோட்டார் மேலே திணறிக்கொண்டிருந்தது, ரிசீவர் அதை அறியவே இல்லை. மார்கழியில் என் கையால் காலை அழுத்திப் பிடித்தபோது நடந்த அதே சம்பவம்தான் இப்போது 200 அடி உயரத்தில் நடந்துகொண்டிருந்தது. பழைய கம்பியாக இருந்திருந்தால் பறப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

எரிபொருள் மூன்று நான்கு நிமிடத்துக்கு இருந்தது. ஒரு தடவை மடக்கி விரித்துப் பார்த்தேன், இடது கால் மறுபடி அதே இடத்தில் நின்றது. ஒற்றைக் காலில் இறக்கினால் தாழ்ந்த இறக்கை தரையைக் கவ்வி விமானம் சுற்றிக் கவிழும். இறக்கையின் நடுத்தண்டே உடையலாம். இடது கால் கீழே வராவிட்டாலும் மேலே போகிறது என்பது கைவசம் இருந்த ஒரே நல்ல செய்தி. இரண்டையும் மடக்கிவிட்டு வயிற்றால் இறக்குவது என்று முடிவு செய்து சத்தமாகச் சொன்னேன். பார்க்க வந்தவர்களை அண்ணன் வேன் பின்னால் போகச் சொன்னார்.

இறங்கும் வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் தாழும் ஃபிளாப்பை இறக்கவில்லை. இறக்கினால் முதலில் தரையில் உரசுவது அதுதான். காற்றை எதிர்த்து நீளமாக வந்து, தடத்தின் தொடக்கம் தாண்டியதும் இக்னிஷனை அணைத்தேன். சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் தரையை ஒட்டி மிதந்து, அடியிலிருந்த போலி ரேடியேட்டர் முதலில் தொட்டு, செம்மண் புகையோடு 14 மீட்டர் சறுக்கி நேராக நின்றது.

சேதமும் காரணமும்

மரக் காத்தாடி ஒடிந்தது. ரேடியேட்டர் கூடு நொறுங்கியது. எஞ்சின் கூண்டின் அடி தேய்ந்தது. காத்தாடித் தண்டு வளைந்திருக்குமோ என்று லேத் பட்டறையில் டயல் வைத்துப் பார்த்ததில் வளையவில்லை. ஃபயர்வால் ஒட்டில் மயிரிழைகூட விரியவில்லை. ஆசாரி உள்ளே விரலை விட்டு நான்கு தேக்குக் கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

காலைப் பிரித்தபோது காரணம் கையிலேயே ஒட்டியது. மோட்டார் சுழற்றும் திருகுத் தண்டில் பழுப்பு நிறக் களிம்பு. செம்மண்ணும் கிரீஸும் அரைத்த மாதிரி. காத்தாடி வாரி இறைத்த மண் சக்கரக் குழிக்குள் ஏறியிருக்கிறது. ஆனால் வறண்ட திருகாக இருந்திருந்தால் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். அதைப் பிடித்து வைத்தது கிரீஸ். முதல் பறப்புக்கு முன் நன்றாக ஓடட்டும் என்று கிரீஸ் தடவியது நான்தான். மூன்று பறப்பு வரை மண் சேர்ந்துகொண்டே போய், நான்காவதில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்க, கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நிறுத்திவிட்டது. பறப்புகளுக்கு நடுவே நாங்கள் ஒரு தடவைகூடக் காலைத் துடைக்கவில்லை.

பழுதுபார்க்க மூன்று வாரம் ஆயிற்று. ரேடியேட்டரை ஆசாரி மரத்தில் செதுக்கி, அதன் மேல் ஃபைபர்கிளாஸ் போட்டுப் புதிதாக எடுத்தார். வைகாசியில் மூன்று பறப்பு நடந்தது, கால்கள் எல்லா முறையும் வந்தன. அந்த வீடியோவைப் பெரியப்பச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்பவை

பழைய கிட் வாங்கினால் கூடவே வரும் பேட்டரி, சுவிட்ச், கம்பி மூன்றையும் அன்றே ஓரங்கட்டிவிடுவேன். எங்களுக்கு அவற்றை மாற்ற ஆன செலவு மொத்தச் செலவில் சிறு பகுதிதான்.

மின் சோதனையை வண்ணம் பூசுமுன் வைப்போம். நாங்கள் கடைசியில் வைத்ததால்தான் பொங்கலோடு மோதியது. சோதனை என்றால் எல்லா செர்வோவும் சேர்ந்து ஆட, ஒரு காலைக் கையால் அழுத்திப் பிடித்து, சுமையில் அளப்பது. தேதியையும் சோதனை தேறிய பிறகே வீட்டாரிடம் சொல்வோம்.

திருகுத் தண்டுக்குக் கிரீஸ் கிடையாது. செம்மண்ணில் பறக்கும் நாளெல்லாம் கிளம்புமுன்னும் இறங்கிய பின்னும் தூரிகையால் துடைக்கிறோம். சக்கரக் குழிக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி போலச் செய்து ஒட்டியிருக்கிறோம். தடத்தில் விமானம் கிளம்பும் முனையில் மட்டும் பழைய தார்ப்பாய் விரித்து நான்கு பக்கமும் முளை அடிக்கிறோம். மண் அதிகம் எழும்புவது அங்கேதான்.

ஃபிளாப் விஷயம் இன்னும் முடியவில்லை. ஃபிளாப் இல்லாமல் வயிற்றால் இறக்கியது சரி என்பது அண்ணன் கட்சி. கீல் தப்பியது அல்லவா என்கிறார். வேகம் கூடுதலாக இருந்ததால்தான் ரேடியேட்டர் அவ்வளவு நொறுங்கியது, பாதி ஃபிளாப் இறக்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உயரத்தில் வைத்துப் பாதி ஃபிளாப்பில் எந்த வேகம் வரை தாங்குகிறது என்று பார்த்து எழுதி வைப்பதாக இருக்கிறோம். ஆடிக் காற்று அடங்கட்டும்.